'கத்தோலிக்கர்' என்னும் பெயர் யாருக்கு உரியது?

தமிழ்நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களிலும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களிலும் வழிபாட்டின்போது சொல்லப்படும் நம்பிக்கை அறிக்கை பெரும்பாலும் ஒன்றே. அதில் திருச்சபையைக் குறிக்கும் பழைய கிரேக்க அடைமொழி ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அதனை மொழிபெயர்க்காமல் 'கத்தோலிக்க' என்றே சொல்கின்றனர். சீர்திருத்தச் சபையினர் அதே சொல்லைப் 'பொது' என்று தமிழாக்கிச் சொல்கின்றனர்.

'பொது' என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு ஆகிய ஒவ்வொன்றுக்காகவும் தலித் மக்கள் போராட வேண்டியிருந்தது. பெயரளவில் பொதுவாக இருந்த ஒன்று நடைமுறையில் சிலருக்கு மட்டும் உரியதாக இருந்ததே அப்போராட்டங்களுக்குக் காரணம். தம்மைப் 'பொதுத் திருச்சபை' என்று அழைத்துக்கொள்ளும் அமைப்பையும் இதே அளவுகோலால் அளப்பது முறையே ஆகும்.

இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கல்லறையிலும் ஆட்சிப் பொறுப்பிலும் சாதிப் பாகுபாடு தொடரும் நிலையில், தமக்கெனத் தனித் திருச்சபை வேண்டும் என்ற குரல் தலித் கத்தோலிக்கர் நடுவே அவ்வப்போது எழுகிறது. உடனே எதிர்க் கேள்வியும் எழுகிறது: "பிரிந்து சென்றால் நீங்கள் கத்தோலிக்கராக இருக்க முடியுமா? அப்பெயரை உங்களுக்குத் தருவது யார்?" இதற்கு விடை தேடுமுன், இன்று அப்பெயரை யார் யார் எந்த அடிப்படையில் தாங்குகின்றனர் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சொல்லின் பிறப்பு

'கத்தோலிக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'முழுமையைச் சார்ந்தது' என்பது பொருள். திருச்சபையைக் குறிக்க இச்சொல் கையாளப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் சிமிர்னா நகர மக்களுக்கு எழுதிய மடல். அப்போது உரோமை என்றோ, கீழை என்றோ, சீர்திருத்தச் சபை என்றோ பிரிவுகள் இல்லை. எனவே அது ஒரு சபைப்பிரிவின் பெயராக இருக்கவில்லை. கிறித்தவரின் முழுச் சமூகத்தையும் சுட்டும் பண்புச் சொல்லாகவே இருந்தது.

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், திருமுழுக்குப் பெறவிருந்தோருக்கு இச்சொல்லை விளக்கினார். திருச்சபை உலகெங்கும் பரவியிருப்பதால் மட்டும் அது கத்தோலிக்கம் ஆகாது என்பது அவர் விளக்கத்தால் தெரிகிறது. அது முழு உண்மையையும் கற்பிக்கிறது. ஆள்வோர், ஆளப்படுவோர், கற்றோர், கல்லாதோர் ஆகிய எல்லா நிலை மனிதரையும் ஒரே வழிபாட்டுக்குள் கொணர்கிறது. எல்லா வகைப் பாவங்களையும் குணமாக்குகிறது என அவர் காரணங்களை அடுக்கினார். மனிதருக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கடந்து நிற்பது இச்சொல்லின் பொருளுக்குள்ளேயே தொடக்கத்தில் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 381ஆம் ஆண்டின் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் நம்பிக்கை அறிக்கை, ஒன்றாயிருத்தல், தூய்மை, கத்தோலிக்கம், திருத்தூதர் வழிவருதல் ஆகிய நான்கையும் திருச்சபையின் அடையாளங்களாக நிலைநிறுத்தியது.

பண்புச் சொல் உரிமைச் சொல்லாக மாறியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினர் தாமே தூய திருச்சபை என்றனர். ஒரு நிலப்பகுதிக்குள் அடங்கிய குழு உலகத் திருச்சபை ஆக முடியாது என்று அகுஸ்தீனார் வாதிட்டார். கத்தோலிக்க ஆலயம் எங்கே என்று அயலார் ஒருவர் கேட்டால், பிரிந்துபோனவர்கள்கூடத் தம் ஆலயத்தைச் சுட்டத் துணிவதில்லை என்றும் அவர் எழுதினார். அப்போதிலிருந்து பெயரே ஒரு சான்றாகக் கொள்ளப்படலாயிற்று.

இன்று அப்பெயரைத் தாங்குவோர்

இன்று இச்சொல்லைத் தமக்கு உரியதாகச் சொல்லும் திருச்சபைகளை நான்கு தொகுதிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, உரோமை ஆயரான திருத்தந்தையோடு ஒன்றிப்பில் உள்ள திருச்சபைகள். பலரும் எண்ணுவதுபோல் இது ஒரே வழிபாட்டுமுறை கொண்ட திருச்சபை அன்று. இலத்தீன் திருச்சபையோடு, தன்னாட்சி உரிமை பெற்ற 23 கீழைத் திருச்சபைகளும் சேர்ந்ததே கத்தோலிக்கத் திருச்சபை. இந்தியாவில் இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை ஆகிய மூன்றும் இயங்குகின்றன. இவற்றின் வழிபாட்டுமுறையும் சட்டமும் வேறுபட்டவை. சில கீழைத் திருச்சபைகளில் மணமானவர்களும் குருக்களாகத் திருநிலைப்படுத்தப்படுகின்றனர். ஆயினும் இவை அனைத்தும் ஒரே அளவில் கத்தோலிக்கம். ஆகவே வேறுபாடு கத்தோலிக்கத்துக்கு எதிரானது என்ற வாதம் அத்திருச்சபையின் அமைப்பாலேயே தள்ளுபடியாகிறது.

இரண்டாவது, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள். 'ஆர்த்தடாக்ஸ்' என்பது அவர்களின் வழக்கப் பெயராக இருப்பினும், நம்பிக்கை அறிக்கை கூறும் கத்தோலிக்கத் திருச்சபை தாமே என்பது அவர்களின் உறுதியான நிலைப்பாடு. பெயரை உரோமை எடுத்துக்கொண்டது. பொருளை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் சாரம். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவரின் பட்டப்பெயரான 'கத்தோலிக்கோஸ்' என்பதும் இதே கிரேக்கச் சொல்தான்.

மூன்றாவது, உரோமையோடு முரண்பட்டுப் பிரிந்த பின்னும் கத்தோலிக்கப் பெயரை வெளிப்படையாகவே வைத்திருப்போர். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத் திருச்சபை 1724இல் திருத்தந்தையின் ஒப்புதலின்றித் தன் பேராயரைத் திருநிலைப்படுத்திக்கொண்டது. 1870இல் முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தைக் கோட்பாடாக அறிவித்தபோது, அதை ஏற்காத செருமானிய, சுவிஸ் கத்தோலிக்கர் பலர் பிரிந்தனர். 1889இல் இவர்கள் உத்ரெக்ட் ஒன்றியமாக இணைந்தனர். தாங்கள் புதிய சபை தொடங்கவில்லை, பழைய நம்பிக்கையிலேயே நிற்கிறோம் என்று காட்டவே 'பழைய கத்தோலிக்கர்' என்று பெயரிட்டுக்கொண்டனர்.

நான்காவது, பெயர்ப்பலகையில் அச்சொல் இல்லாவிடினும் நம்பிக்கை அறிக்கையில் அதைச் சொல்லும் ஆங்கிலிக்கன், லூத்தரன், தென்னிந்தியத் திருச்சபை முதலியன. செருமானிய லூத்தரன் மரபு அச்சொல்லுக்கு மாற்றாகக் 'கிறித்தவ' என்று சொல்லிவருகிறது. ஆங்கிலிக்கன் சபையினரோ, 1833இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு இயக்கத்துக்குப் பின், ஒரே கத்தோலிக்க மரத்தின் கிளைகளே உரோமையும் ஆர்த்தடாக்ஸும் ஆங்கிலிக்கனும் என்று வாதிட்டனர். உரோமை அதை ஏற்கவில்லை. 1896இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆங்கிலிக்கன் குருத்துவத் திருநிலைப்பாடுகள் செல்லாதவை என அறிவித்தார். 'உரோமன் கத்தோலிக்க' என்ற தொடர்கூட இந்தப் பூசலில் சிக்கியது: முதல் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் வரைவில் அத்தொடர் இடம்பெற்றபோது, வேறு கத்தோலிக்கர்களும் உண்டு என்று அது பொருள்படும் என ஆங்கிலம் பேசும் நாடுகளின் ஆயர்கள் எதிர்த்தனர்.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன. திருத்தந்தையோடு ஒன்றிப்பு என்பது உரோமையின் அளவுகோல். திருத்தூதர் வழிவரும் ஆயர் மரபும் பழைய நம்பிக்கையும் என்பது ஆர்த்தடாக்ஸ், பழைய கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் ஆகியோரின் அளவுகோல். நற்செய்தியை நம்பும் எல்லாரின் ஒன்றிப்பு என்பது சீர்திருத்தச் சபைகளின் அளவுகோல். இம்மூன்றில் எதுவும் சாதியைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ நேராகப் பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் கேள்வி நிற்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 300ஆம் விதியில், உரிய திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்தக் கழகமும் 'கத்தோலிக்க' என்ற பெயரைச் சூடிக்கொள்ளக் கூடாது என்கிறது. பள்ளிகளுக்கு 803ஆம் விதியும் பல்கலைக்கழகங்களுக்கு 808ஆம் விதியும் இதையே சொல்கின்றன. ஆனால் இச்சட்டம் இலத்தீன் திருச்சபைக்குள் இருப்போரையே கட்டுப்படுத்தும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையையோ பழைய கத்தோலிக்கரையோ அது கட்டுப்படுத்தாது.

நாட்டின் நீதிமன்றங்கள் 'உண்மையான கத்தோலிக்கர் யார்' என்ற இறையியல் கேள்விக்குள் நுழைவதைவிட, சொத்தும் நிர்வாகமும் யாருக்கு என்ற கேள்வியையே தீர்க்க முற்படுகின்றன. மலங்கரைத் திருச்சபையின் இரு தரப்பாருக்கிடையே பல பத்தாண்டுகளாக நடந்த வழக்கில், 2017 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் 1934ஆம் ஆண்டின் திருச்சபை அமைப்புவிதிகளின்படியே பங்குகள் நிர்வகிக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. பிரிந்து செல்வோர் நம்பிக்கையை உடன் எடுத்துச் செல்லலாம், பெயரையும் சூடிக்கொள்ளக்கூடும், ஆனால் தம் முன்னோர் கல் சுமந்து கட்டிய ஆலயத்தையும் பள்ளியையும் கல்லறை நிலத்தையும் எடுத்துச் செல்வது எளிதன்று.

ஒதுக்கப்பட்டோர் அப்பெயரை எடுத்துக்கொண்டபோது

ஒதுக்கப்பட்ட மக்கள் கத்தோலிக்க மரபைத் தம் கையில் எடுத்துக்கொண்ட வரலாறு நமக்கு அருகிலேயே தொடங்குகிறது. கோவாவைச் சேர்ந்த குரு அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ், போர்த்துக்கீசிய அரசோடும் உரோமைத் தலைமையோடும் முரண்பட்டு வெளியேறி, 1889இல் கோட்டயத்தில் மலங்கரை ஆயர்களால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவா, இலங்கை, இந்தியா ஆகியவற்றுக்கான சுயாதீனக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக அவர் விளங்கினார். 1892இல் கொழும்பில் அவர் ரெனே விலாத் என்பவரை ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அதே விலாத் 1921இல் அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்சாந்தர் மெக்குவயர் என்ற கறுப்பினத் தலைவரை ஆயராக்கினார். மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் பங்காற்றிய மெக்குவயர், கறுப்பின மக்கள் தம் ஆயரைத் தாமே கொள்ளும் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை நிறுவினார். கோட்டயத்திலிருந்து கொழும்பு வழியாகக் கறுப்பின விடுதலை இயக்கம் வரை ஓர் ஆயர் மரபு சென்றது என்பது நம் மாணவர்கள் அறியாத வரலாறு.

பிலிப்பைன்ஸ் நாட்டின் படிப்பினை இன்னும் நெருக்கமானது. அங்கே ஸ்பானியத் துறவியர் மண்ணின் மைந்தரான குருக்களைப் பங்குப் பொறுப்புகளிலிருந்து விலக்கி வைத்தனர். அவ்வுரிமைப் போராட்டத்தோடு தொடர்புடைய மூன்று குருக்களுக்குக் காலனி அரசு 1872இல் மரண தண்டனை விதித்தது. 1902இல் பிலிப்பைன் சுயாதீனத் திருச்சபை அறிவிக்கப்பட்டு, கிரெகோரியோ அக்லிப்பாய் அதன் தலைமை ஆயரானார். மக்கள் திரளாகச் சேர்ந்தனர். ஆலயங்கள் பல அவர்கள் கையில் இருந்தன. 1906இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆலயச் சொத்துகள் உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கே உரியவை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இயக்கத்துக்குப் பேரிழப்பாயிற்று. எனினும் அத்திருச்சபை அழியவில்லை. 1948இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் வழியாக ஆயர் மரபைப் பெற்று, 1965இல் பழைய கத்தோலிக்கரோடும் முழு ஒன்றிப்பில் இணைந்தது.

1989இல் வாசிங்டன் நகரில் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் என்ற கறுப்பினக் குரு, திருச்சபைக்குள் நிலவிய இனவெறியைக் காரணம் காட்டி, ஆப்பிரிக்க அமெரிக்கக் கத்தோலிக்கச் சபையைத் தொடங்கினார். தம் பெயரிலேயே 'கத்தோலிக்க' என்பதை வைத்தார். அடுத்த ஆண்டே உரோமைத் திருச்சபையிலிருந்து அவர் விலக்கம் பெற்றார். பெயரைத் தாமே எடுத்துக்கொள்ள முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு என்பதை இந்நிகழ்வுகள் அனைத்தும் காட்டுகின்றன.

நம் மண்ணில் அப்பெயரின் கணக்கு

1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது முதல், மதுரை மறைப்பணி சாதி அடுக்கை ஒட்டியே தன் பணிமுறையை அமைத்துக்கொண்டது. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, இப்பணிமுறையின் பல கூறுகளைத் தடைசெய்தது. நோயுற்ற பறையர் கிறித்தவரின் வீட்டுக்குள் சென்று அருளடையாளம் வழங்க மறைப்பணியாளர்கள் மறுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாகும் மனிதனின் வாசலைத் தாண்டலாமா என்பதே இவ்வுலகப் பொதுத் திருச்சபை நாற்பது ஆண்டுகள் விவாதித்த கேள்வி. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி முடிவு கூறியபோது, பறையருக்கெனத் தனி மறைப்பணியாளர்களை ஒதுக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குள் செல்லும் கடமை காக்கப்பட்டது; ஆனால் சாதிக்கொரு குரு என்ற பிரிவும் அதனோடு காக்கப்பட்டது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமர ஆலயத்துக்குள்ளேயே பிரிவினை இருந்தது. 1910இல் அத்தடுப்பு நீக்கப்பட்டபோது வெள்ளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் வேண்டிய தனியுரிமை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1911இல், கோட்டயத்தில் தெற்கும்பாகர் எனப்படும் க்னானாயக் கத்தோலிக்கருக்கெனத் தனி ஆட்சிப்பகுதியைத் திருத்தந்தை பத்தாம் பயஸ் நிறுவினார். அகமண வழக்கம் உடைய அச்சமூகத்துக்குப் பிறப்பின் அடிப்படையிலேயே ஒரு திருச்சபை அமைப்பு தரப்பட்டது. தலித் கத்தோலிக்கர் தனி அமைப்பு கோரும்போது 'அது கத்தோலிக்கம் ஆகாது' என்று சொல்வோர், இந்த 1911ஆம் ஆண்டு முடிவுக்கு என்ன விளக்கம் தருவர்?

திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி இறந்தவரையும் சாதியால் பிரித்தது நெடுங்காலப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. விழுப்புரம் மாவட்டமாக அன்று இருந்த பகுதியில், எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரியதை ஒட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதல், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரு உயிர்கள் பலியாவதில் முடிந்தது. அங்கு மோதிக்கொண்ட இரு தரப்பினரும் கத்தோலிக்கர். ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோர்.

திருச்சபைத் தலைமை இதை அறியாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட மனிதத் தோழமைக்கு எதிரான அடையாளம் என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் வலுவூட்டலுக்கான கொள்கையை வெளியிட்டது. தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை அது ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா கர்தினாலாக்கப்பட்டு, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினாலானார். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கொள்கை அறிக்கை ஒன்று கல்லறைச் சுவரைத் தானே இடித்துவிடாது.

முன்னிருக்கும் வழிகள்

தனித் திருச்சபை கோருவோர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, உரோமையின் ஒன்றிப்புக்குள் இருந்தபடியே தன்னாட்சித் திருச்சபையாக ஏற்கப்படுதல். அதற்குத் திருத்தந்தையின் அல்லது பொதுச்சங்கத்தின் ஏற்பு வேண்டும். தனி வழிபாட்டுமுறை என்பது வழிபாடு, இறையியல், ஆன்மிகம், ஒழுங்குமுறை ஆகியவற்றில் தனி மரபு உடைமை என்று கீழைத் திருச்சபைகளின் சட்டம் வரையறுக்கிறது. தலித் மக்களுக்குப் பறையும் பாடலும், ஒடுக்குமுறையில் பிறந்த இறையியலும் மரபாகவே உள்ளன என்று வாதிட இடமுண்டு. மற்றொன்று, பிலிப்பைன்ஸ் மக்களைப்போல் வெளியேறி, ஆயர் மரபைப் பிறரிடமிருந்து பெறுதல். அங்கே பெயர் கிடைக்கும்; சொத்தும் கல்வி நிறுவனங்களும் கிடைப்பது அரிது. எவ்வழியில் சென்றாலும், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவருக்கு மறுக்கும் பட்டியல் சாதி உரிமை மாறாது. இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரல்லாதோரை விலக்கும் அவ்வாணை, கத்தோலிக்கர் என்றும் தென்னிந்தியத் திருச்சபையார் என்றும் பார்ப்பதில்லை.

மற்றொரு அபாயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. தலித் மக்களுக்குத் தனித் திருச்சபை அமைந்தால், ஊர் ஆலயம் ஊருக்கே என்று ஆதிக்க சாதியினர் மகிழ்வர். 1744ஆம் ஆண்டின் ஏற்பாட்டை நாமே நிறைவு செய்தவர்களாவோம். ஊருக்கு வெளியே சேரி என்பதுபோல், திருச்சபைக்கு வெளியே ஒரு திருச்சபை உருவாகும். மறுபுறம், அவமதிப்பை ஒவ்வொரு ஞாயிறும் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்று சொல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை. தேர்வு, அவமதிப்பைச் சுமப்போருடையது.

ஆனால் அத்தேர்வைச் செய்வோர் ஒரு சிறுமையை மட்டும் சுமக்கத் தேவையில்லை. 'நீங்கள் வெளியேறினால் கத்தோலிக்கர் ஆகமாட்டீர்கள்' என்ற மிரட்டலுக்கு வரலாற்றில் முழு ஆதாரம் இல்லை. அப்பெயரை உரோமை ஒன்றிப்பால் அளப்போர் உண்டு. ஆயர் மரபால் அளப்போர் உண்டு. நம்பிக்கையால் அளப்போரும் உண்டு. கிறித்தவரிடையே நிலவும் பிளவுகள், திருச்சபை தன் கத்தோலிக்கத்தை முழுமையாக வெளிப்படுத்தத் தடையாக உள்ளன என்பதை இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமே 1964இல் ஒப்புக்கொண்டது. அப்பொதுச்சங்கம் அங்கே சபைப் பிளவுகளைக் கருதியே பேசியது. சாதிப் பிளவுக்கும் அது பொருந்தாது என்று எந்த இறையியலும் சொல்ல இயலாது.

சிரில் தந்த பழைய விளக்கத்தில் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். அவ்விளக்கத்தின்படி பார்த்தால், பெயருக்கான தகுதியை மெய்ப்பிக்க வேண்டிய கடமை வெளியேற எண்ணும் தலித் மக்கள்மேல் இல்லை. இறந்தவரைச் சுவரால் பிரித்த பங்கு தன்னைப் 'பொது' என்று எப்படி அழைத்துக்கொள்கிறது என்பதற்கு அப்பங்கே விடை சொல்ல வேண்டும். எனவே, 'நீங்கள் கத்தோலிக்கரா' என்று நம் இளைஞரிடம் யாரேனும் கேட்டால், அக்கேள்வியை அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, அச்சுவரின் முன்னால் நிறுத்தித் திருப்பிக் கேட்கட்டும்.